போஸ்டரின் வலது மூலை

அத்தியாயம் ஒன்பது

அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த டம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

"நெறைய ஊத்தும்மா," என்றாள் அனு.

தங்கத்தாய் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் தண்ணீரை அளந்துதான் ஊற்றினார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன மனிதர். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர், மாத்திரைக்கும் சேர்த்து.

"கை வர மாட்டேங்குட்டி," என்று செம்பைக் கீழே வைத்தாள்.

இது ஐந்தாம் நாள். முத்துமணி போன வியாழக்கிழமை விடிகாலையில் போய்ச் சேர்ந்தார். உடம்பு ஒத்துழைத்தவரை சங்கரன்கோவிலில் மினி பஸ் ஓட்டியவர். பிறகு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், செம்மண்குளம் சுகாதார நிலையத்தில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடும் மிஷின் அங்கே மூன்று இருந்தன. கட்டடம் அரசாங்கத்துடையது. மிஷினும் அதை ஓட்டும் ஆட்களும் காற்றாலைக் கம்பெனி கொடுத்தது. சமூகப் பொறுப்பு நிதி என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும்.

கடைசி இரண்டு முறை அவருக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. சனிக்கிழமை மையத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பெரியவர்கள் பார்வையிட வந்தார்கள். மூன்றாம் ஆண்டு விழா. சனிக்கிழமை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர், "லீவாம்," என்று சொல்லிப் பாயில் படுத்தார்.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள் அனு. "எதுக்குட்டி அலைச்சல்? தண்ணியக் கொறச்சுக்கிடுதேன்," என்றார். அனு நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. புதன்கிழமை அவளுக்கு மதுரையில் இன்டர்வியூ.

டயாலிசிஸ் ஊசிக்காக அவர் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். தங்கத்தாய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். வியாழக்கிழமை அவளை எந்தச் சத்தமும் எழுப்பவில்லை. அதிர்வு நின்றதால் விழித்தாள்.

கோகுல் செல்போனோடு உள்ளே வந்தான். அனுவுக்கு இரண்டு வயது இளையவன். அதே காற்றாலைக் கம்பெனியில் ஒப்பந்த ஆபரேட்டர்.

"கம்பெனியிலருந்து ராஜேஸ்வரி மேடம் கூப்பிட்டாக," என்றான். "போஸ்டர எல்லாம் எடுக்கணுமாம்."

"எந்தப் போஸ்டர?"

"அப்பா போஸ்டரத்தான். வலது மூலையில கம்பெனி காத்தாடி இருக்காம். சென்னை ஆபீஸ் வரைக்கும் போட்டோ போயிருச்சாம். செத்தவரு படத்துல நம்ம சின்னம் எப்படி வந்துச்சுன்னு கேக்காகளாம்."

அனு சுவரோரம் வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். அதே படம்தான், சட்டம் போட்டது. செவ்வந்தி மாலைக்கு அடியில் மூன்று நீல இறக்கைகள் தெரிந்தன. ஐந்து நாளாக அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் படவில்லை.

அப்பாவுக்கு வேறு நல்ல படம் கிடையாது. லைசென்ஸ் படத்தில் அவர் யாரோ மாதிரி இருப்பார். போன வருடம் கம்பெனி தன் விளம்பரப் பலகைக்காக எடுத்த படம் இது. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீதானலே படத்த அனுப்புன?"

"அழுதுட்டே அனுப்புனேங்க்கா. மூலையப் பாக்கவா தோணும்?"

தங்கத்தாய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

*

திருவேங்கடம் சாலையில் சுடலைமணியின் ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மிஷினில் வரும்.

"அண்ணாச்சி, அந்தச் சின்னத்த எடுத்திருக்கலாம்லா?" என்றான் கோகுல்.

"ஏன் எடுக்கணும்?" சுடலைமணிக்குப் புரியவில்லை. "வலது மூலையில சின்னம் போடுதது நம்மூரு வழக்கம்தான? கட்சிக்காரன்னா கட்சிச் சின்னம். ஆட்டோக்காரன்னா சங்கத்துச் சின்னம். போன வாரம் ஒருத்தருக்குக் கபடிக் குழு சின்னம் போட்டேன். ஒங்கப்பா படத்துல ஏற்கெனவே காத்தாடி இருந்துச்சு. கம்பெனி ஆளுன்னு நெனச்சுட்டேன். கீழ 'புன்னகை திரும்பியது'ன்னு ஒரு வரி கெடந்துச்சு. எழவுக்கு அது ஆகாதுன்னு வெட்டிட்டேன்."

"சின்னம் இவ்வளவு பெருசா இல்லையே அண்ணாச்சி," என்றாள் அனு.

"சின்னதா இருந்துச்சு. மரியாதைக்குக் கொஞ்சம் பெருசாக்கிவிட்டேன்."

"மரியாதைக்கா?"

"பின்ன? அவரு மினி பஸ்ஸுல நான் எத்தன நாளு போயிருக்கேன்."

கோகுல் சிரித்துவிட்டான். ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய் நின்றான்.

"மூலைய மட்டும் வெள்ளத்தாள் ஒட்டி மறைச்சிரலாமா?" என்று அனு கேட்டாள்.

"மறைச்ச எடத்தத்தான் ஊரு உத்துப் பாக்கும் தாயி. எடுக்கதுன்னா மொத்தமா எடு." சுடலைமணி வாளியும் சுரண்டும் தகடும் எடுத்துக் கொடுத்தார். "தண்ணி அடிச்சு ஊறவிட்டுச் சொரண்டு. வெயில் ஏறிட்டா பசை எறுகிப்போகும்."

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஆறு ஒட்டியிருந்தார்கள். வரிசையாக ஆறு அப்பா.

கோகுல் தண்ணீரை அள்ளி அடித்தான். எல்லா முகமும் நனைந்தது. வலது மூலையிலிருந்துதான் தொடங்கினான். மூலை வரவில்லை. அங்கே பசை அதிகம். இழுத்த இழுப்பில் முகம்தான் முதலில் கிழிந்தது.

"மெதுவாலே," என்றாள் அனு.

"மெதுவாத்தான் இழுக்கேன்."

அனு தகட்டை வாங்கிக்கொண்டாள். நெற்றியிலிருந்து கீழே சுரண்டினாள். கண் இருந்த இடம் வந்ததும் கை நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் சுரண்டினாள். பிறகு அதையும் சுரண்டினாள்.

பூக்கூடையோடு போன பெண் ஒருத்தி நின்றாள்.

"ஏ புள்ள, செத்தவுக போஸ்டரக் கிழிக்கலாமா? பதினாறுகூட ஆகலியே. அந்தாளு ஒனக்கு என்ன பாவம் பண்ணுனாரு?"

"எங்கப்பா," என்றாள் அனு.

அந்தப் பெண் போஸ்டரைப் பார்த்தாள், அனுவைப் பார்த்தாள். மூக்கும் நாடியும் ஒன்றாக இருந்தன. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அவர்களுடைய வாளியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

உரித்த தாளை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட முடியாது. கோகுல் ஒரு சிமெண்ட் சாக்கு வாங்கி வந்தான். அனு துண்டுகளை அதில் போட்டாள். ஈரத் தாள் கனத்தது. பூ மார்க்கெட், தியேட்டர் சுவர், ரேஷன் கடை என்று போகப் போகச் சாக்கு நிறைந்தது. ஸ்கூட்டரில் அதை நடுவில் வைத்துக்கொண்டுதான் இருவரும் உட்கார முடிந்தது.

கடைசியாகச் செம்மண்குளம்.

சுகாதார நிலையத்தின் கேட்டில் நீலப் பெயிண்ட் இன்னும் மணத்தது. காம்பவுண்டுச் சுவரில் நான்கு போஸ்டர். அவற்றுக்கு மேலே, இரும்புக் கால்களில், கம்பெனியின் பலகை. எட்டடி அகலம். அதிலும் அப்பா. அதே சிரிப்பு. கீழே, புன்னகை திரும்பியது.

கோகுல் குனிந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மேல உள்ளத என்ன செய்ய?" என்றாள் அனு.

"அது கம்பெனியோடது."

"அதுவும் அதே ஆளுதான?"

"அதப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலக்கா."

அனு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இந்தப் படம் எடுத்த அன்று அவளும் கூட இருந்தாள். சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரித்தார். படம் எடுத்தவன் இன்னும் கொஞ்சம் என்றான். இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

*

மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையில் கார் வந்து நின்றது. ராஜேஸ்வரி மட்டும் இறங்கி நடந்து வந்தாள். கோவில்பட்டிக்காரி. நாற்பது வயது இருக்கும். கம்பெனியின் உதவித் திட்டங்களைக் கவனிப்பவள். செம்மண்குளத்துக்கு மிஷின் வர ஒன்றரை வருடம் அலைந்தவள் அவள்தான் என்று அப்பா சொல்வார்.

நாற்காலியில் உட்காரவில்லை. தங்கத்தாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சட்டம் போட்ட படத்தைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். கை நீட்டி மாலையைக் கொஞ்சம் இழுத்து அந்த மூலையை மூடினாள்.

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அனு வாங்கி வாசித்தாள்.

என் கணவர் முத்துமணி, சனி மற்றும் செவ்வாய் ஆகிய இரு நாள்களும் சிகிச்சைக்குத் தாமாகவே வரவில்லை. அவருடைய மரணத்துக்கும் மையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"மையம் பூட்டிக் கெடந்துச்சு மேடம்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கொண்டாந்தீக?"

"அரைநாள் பெயிண்ட் அடிங்க, அரைநாள் மிஷின ஓட்டுங்கன்னு கேட்டேன். பெரியவங்க வரும்போது ஆஸ்பத்திரி வாசனை இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. டாக்டர் என்ன பண்ணுவாரு? கொடுக்கிறவங்கள எப்படி வேண்டாம்பாரு?" ராஜேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வருஷ ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. தொடரலாமா, நிறுத்தலாமான்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க. போஸ்டரப் பார்த்ததுமே பயந்துட்டாங்க. செலவையும் பண்ணிக் கெட்ட பேரையும் வாங்கணுமான்னு ஒருத்தர் கேட்டாரு. பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தா யாரும் சாக மாட்டாங்கன்னாரு இன்னொருத்தர்."

"கம்பெனி விட்டா அரசாங்கம் நடத்தாதா?" என்றாள் அனு.

"நடத்தும். ஆள் போடச் சொல்லிக் கடிதம் போயிருக்கு. ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் மிஷின் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது."

அனு தாளைத் தரையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டிரும்மா," என்றான் கோகுல்.

அனு திரும்பினாள். "ஒனக்கு வேல நிரந்தரமாகணும்லா."

"ஆமா, ஆகணும்." கோகுல் அவள் பக்கம் திரும்பினான். "அதுக்காக மட்டும் சொல்லல. அதுக்காகவும்தான் சொல்லுதேன். என்ன இப்ப?"

"அப்பா தானா செத்தாருன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதியாலே?"

"செத்துட்டாருக்கா. எப்படி எழுதுனாலும் செத்துட்டாரு."

தங்கத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்கன எத்தன பேரு வாராக?"

"உங்க வீட்டுக்காரர் போக, பதினோரு பேரும்மா."

"பீர் மைதீன் அண்ணனுக்கு என்னைக்கு முறை?"

பீர் மைதீன் அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரர். மூன்று வருடம் இருவரும் அடுத்தடுத்துப் படுத்து ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

"நாளைக்கு," என்றாள் அனு.

"ஆறு மாசம் தாங்குவாரா?"

தங்கத்தாய் கையை நீட்டினாள்.

"பேனாவக் குடுங்க."

"அம்மா," என்றாள் அனு.

"நீ சும்மா இரு." தங்கத்தாய் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். "ஒங்கப்பா பஸ்ஸுல எடமில்லைன்னு ஒரு ஆள எறக்கிவிட்டதுண்டா? நெருக்கி நெருக்கி ஏத்துவாரு. இப்பவும் அவரு எடங்குடுன்னுதான் சொல்லுவாரு."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து எழுத்தாக வந்தது. கோடு முடிந்துவிட்டதால் கடைசி எழுத்து ஓரத்தில் ஒடுங்கி நின்றது.

ராஜேஸ்வரி தாளை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டியபோது பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"போயிட்டு வாரேன்மா."

துக்க வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. ராஜேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல, போங்க," என்றாள் தங்கத்தாய்.

*

பீர் மைதீன் வெயில் தாழ்ந்து வந்தார். கடையநல்லூரிலிருந்து பஸ். தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். முகம் ஊதியிருந்தது. வாசற்படியில் நின்று படத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அனு ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்தாள். வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அப்பாவும் அவரும் சேர்ந்து கண்டுபிடித்த வித்தை.

ஐஸைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

"கடைசி முகம் பாக்க வர முடியல தங்கச்சி. அன்னைக்கு எனக்கும் மூச்சு முட்டிட்டு. மருமவன் காருல தூக்கிப் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனான். காரு வச்சிருக்க மருமவன் இருந்தான், பொழச்சேன். முந்தாநாளு மையத்துக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில வேற ஆளு படுத்திருக்காரு. மச்சான்னு கூப்பிட்டுட்டேன். அந்தாளு முழிக்காரு."

தங்கத்தாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு காட்டணும்னுதான் வந்தேன்," என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "எனக்கு இத அனுப்பத் தெரியாது. நீயே எடுத்துக்கோ மக்கா. அவன் கொரலு இருக்கு."

அனு திரையைத் தொட்டாள்.

நீலக் கேட். பாதிதான் பெயிண்ட் அடித்திருந்தது. பூட்டு தொங்கியது. அதன் முன்னால் அப்பா, வேட்டியும் சட்டையும், கையில் டயாலிசிஸ் நோட்டு.

"எடும் மச்சான். பூட்டு தெரியுத மாதிரி எடும்."

பீர் மைதீனின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "எதுக்கு வே இந்தக் கூத்து?"

"ரெண்டு முறை வரலன்னா நாற்காலிய அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாகல்லா? நாளைக்கு முத்துமணி வரலன்னு எழுதிட்டா?"

"எவன் எழுதுவான்?"

"எழுதுவாக வே. நான் வந்தேன். இந்தா நிக்கேன். சனிக்கிழமை, காலை ஏழு மணி." பிறகு அப்பா ஏணியின் பக்கம் திரும்பினார். "யோவ் பெயிண்ட்டரு, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கோட்டிங் அடிச்சு விடும். புதுசாயிருவோம்."

சிரித்தார். யாரும் சிரிக்கச் சொல்லாத சிரிப்பு. படம் ஆடியது, எடுத்தவரும் சிரித்ததால். அதோடு முடிந்தது.

அனு தன் போனை எடுத்தாள்.

கோகுல் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். "மாமா, இத வேற யாருக்கும் காட்டினீகளா?"

"யாருக்குக் காட்ட? இது என்ன சினிமாவா? ஏன் கேக்க?"

"சும்மாதான் மாமா," என்றான் கோகுல்.

அனுவின் கையில் இரண்டு போன். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அப்பா போய்க்கொண்டிருந்தார். பச்சை வட்டம் மெதுவாக நிறைந்தது.

பீர் மைதீன் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு மிஷின் ஓடும்லா மக்கா? திடீர்னு லீவுன்னு சொல்லிர மாட்டாகளே?"

அனு அம்மாவைப் பார்த்தாள்.

"ஓடும் மாமா," என்றாள்.

"ஏட்டி," என்றாள் தங்கத்தாய். "நான் வந்தேன்னு சொல்லுதாருல்லா. அந்த எடத்த மட்டும் போடு."

அனு போட்டாள்.

நான் வந்தேன். இந்தா நிக்கேன்.

தங்கத்தாய் திரையைப் பார்க்கவில்லை. பீர் மைதீனின் போனை வாங்கிக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பேனா பிடித்த கை மடியில் மல்லாந்து கிடந்தது.

"இன்னொரு தடவ," என்றாள்.

நிலைப்படியில் கோகுலின் போன் அடித்தது. மேடம் என்று திரையில் எழுதியிருந்தது. அவன் எடுக்கவில்லை. அக்காவின் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.